பக்கத்து இருக்கையில் யார்?

ஓட்டுநர் உரிமம் என்கிற காகிதத்துக்கு வயது 130-ஐத் தாண்டிவிட்டது. நம்மில் பலர் அதை ஆதார் அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் நடுவில் எங்கேயோ வைத்திருப்போம். அதன் வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வந்தேன். ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. வண்டி ஓட்டுகிறவனின் வயது, கண்பார்வை, திறமை ஆகியவற்றையெல்லாம் சட்டம் ஆரம்ப காலத்திலேயே கேட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்பதற்கு மட்டும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தக் கேள்வி எப்படி வந்தது, வந்தபின் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் பதினெட்டு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இது வெறும் பழங்கதை ஆகாது.

முதலில் பாரிஸுக்குப் போவோம். 1893 ஆகஸ்டு 14-ஆம் தேதி அந்நகரின் போலீஸ் தலைமையகம் ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்றது. 1899 மார்ச் 10-ஆம் தேதி வந்த அரசாணை அந்த ஏற்பாட்டைப் பிரான்சு முழுவதற்கும் விரித்தது. ஊருக்குள் மணிக்கு 20 கிலோமீட்டர், வெளியே 30 கிலோமீட்டர் என்று வேகத்துக்கும் வரம்பு கட்டியது. அன்று அந்தக் காகிதத்தின் பெயர் 'செர்த்திஃபிக்கா த கபாசித்தே', அதாவது திறமைச் சான்றிதழ். 1922-இல் வந்த சாலை விதித் தொகுப்பில்தான் அது 'பெர்மி த கொந்துயிர்' ஆனது. நம் ஊரில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் சுருக்கமாக 'பெர்மி' என்று சொல்வது அதைத்தான்.

பிரெஞ்சில் பாடம் படித்தவன் என்பதால் இந்தப் பெயர் மாற்றம் என் கண்ணில் பட்டது. திறமைச் சான்றிதழ் என்பது ஆளைப் பற்றியது. 'இவனுக்கு ஓட்டத் தெரியும்' என்று சொல்லி முடித்துவிடுகிறது. பெர்மி என்பது அனுமதி. அனுமதியை நிபந்தனையோடு கொடுக்கலாம், தவணையாகவும் கொடுக்கலாம், திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். பெயர் அப்படி மாறியதே தவிர, உலகம் முழுவதும் நெடுங்காலம் உரிமத்தைத் திறமைச் சான்றிதழாகவே நடத்தி வந்தார்கள்.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் காருக்கு 17 வயது என்று வைத்தது. ஆனால் ஓட்டத் தெரியுமா என்று யாரும் சோதிக்கவில்லை. கட்டணம் கட்டினால் உரிமம் வந்துவிடும். கட்டாய ஓட்டுநர் தேர்வு 1935 ஜூன் முதல் தேதிதான் வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 1909-இல் 18 வயது என்று வரம்பு வைத்தது. பிற்பாடு அந்நாட்டின் பல மாநிலங்களில் 16 வயதுப் பிள்ளைகளே முழு உரிமம் வாங்கும் நிலை வந்தது. தூரம் அதிகம், பஸ் குறைவு, பண்ணை வேலைக்கும் பள்ளிக்கும் வண்டி வேண்டும் என்பது அங்கே காரணம்.

எல்லா நாட்டிலும் தேர்வு நடத்தும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். பையன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பார், கையில் தாளும் பேனாவும் இருக்கும். பையன் கண்ணாடியைப் பார்ப்பான், சிக்னல் போடுவான், எறும்பு மாதிரி ஊர்வான், தேறிவிடுவான். மறுநாள் அதே இருக்கையில் அவனுடைய நண்பன் உட்காருவான். பின்னால் இன்னும் மூன்று பேர். பாட்டுச் சத்தம், கிண்டல், 'முன்னாடி போற வண்டியைப் பிடிடா' என்ற உற்சாகம். நாம் சோதித்தது இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருக்கும்போது அவன் எப்படி ஓட்டுகிறான் என்பதை மட்டும்தான். நண்பர்கள் இருக்கும்போது எப்படி ஓட்டுவான் என்பதை யாரும் சோதிக்கவில்லை.

1970-களில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையத்தில் பட்ரீஷியா வாலர் என்ற உளவியல் அறிஞர் ஒரு யோசனையை முன்வைத்தார். உரிமத்தை ஒரே நாளில் முழுதாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள், படிப்படியாகக் கொடுங்கள் என்றார். முதலில் பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டட்டும். அடுத்து, ஆபத்துக் குறைந்த நேரங்களில் தனியாக ஓட்டட்டும். பழகிய பிறகு முழு உரிமம்.

நம்மைப் போல அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புதிய தத்துவம் இல்லை. எல்.டி.சி.யாகச் சேர்ந்த முதல் நாளே யாரும் நம் கையில் கருவூலச் சாவியைக் கொடுத்துவிடவில்லை. தகுதிகாண் பருவம் என்று ஒன்று இருந்தது. தபால் பதிவேட்டில் ஆரம்பித்து, சம்பளப் பட்டியல் எழுதி, அதன்பிறகுதான் ரொக்கத்தின் பக்கமே விட்டார்கள். உத்தியோகத்தில் தப்பு நடந்தால் தணிக்கைக் குறிப்பு வரும், பதில் எழுதிச் சமாளிக்கலாம். சாலையில் நடக்கும் தப்புக்குப் பதில் எழுத முடியாது.

வாலரின் யோசனை வட கரோலினாவில் 1977-இல் அறிக்கையாகவே வந்துவிட்டது. அதே மாநிலத்தில் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது 1997 டிசம்பர் முதல் தேதி. கோப்பு இருபது ஆண்டு நகரவில்லை! நம் அலுவலகங்கள் மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆறுதல் அடையலாம். அப்படி வந்த சட்டத்திலும் இரவில் தனியாக ஓட்டக் கூடாது என்ற விதி இருந்ததே தவிர, நண்பர்களை ஏற்றுவது பற்றி எதுவும் இல்லை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதை 2002 டிசம்பரில்தான் சேர்த்தார்கள்.

அந்த விதியை முதலில் துணிந்து வைத்த நாடு நியூசிலாந்து. 15 வயதிலேயே கார் ஓட்டலாம் என்றிருந்த நாடு அது. 1987 ஆகஸ்டு முதல் தேதி அங்கே மூன்று படிகளாக உரிமம் கொடுக்கும் முறை வந்தது. முதல் படியில் எப்போதும் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருக்க வேண்டும். இரண்டாம் படியில் தனியாக ஓட்டலாம். ஆனால் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஓட்டக் கூடாது, அனுபவமுள்ள ஓட்டுநர் கூட இல்லாமல் பயணிகளை ஏற்றவும் கூடாது. மூன்றாம் படி முழு உரிமம். பக்கத்து இருக்கையில் யார் என்ற கேள்வியை ஒரு நாடு முழுமையாகக் கேட்டது அப்போதுதான்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1994-இல் படிப்படியான உரிமத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் புளோரிடா 1996-இல் தொடங்கியது. பயணி விதியை அழுத்தமாக வைத்த முதல் அமெரிக்க மாநிலங்களில் ஒன்று கலிபோர்னியா. 1998 ஜூலை முதல் தேதியிலிருந்து, புதிதாக உரிமம் பெற்ற 18 வயதுக்குட்பட்டவர்கள் முதல் ஆறு மாதத்துக்கு, 25 வயதைத் தாண்டிய உரிமதாரர் கூட இல்லாமல், 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் ஏற்றக் கூடாது என்றார்கள். பின்னர் ஆறு மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக நீட்டினார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. விதிவிலக்கு வேண்டுமா? எழுத்தில் கொண்டுவா. மருத்துவத் தேவை என்றால் டாக்டர் கையெழுத்து, பள்ளிக் காரியம் என்றால் தலைமையாசிரியர் கையெழுத்து, வேலை என்றால் முதலாளி கையெழுத்து, குடும்பத் தேவை என்றால் பெற்றோர் கையெழுத்து. அந்தத் தேவை உத்தேசமாக எந்தத் தேதியோடு முடியும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர் நம் இனத்தைச் சேர்ந்த குமாஸ்தாவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, நண்பர்கள் ஏறினால் ஆபத்து கூடும் என்பதற்கு ஆதாரம் என்ன? 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தனியாக ஓட்டும் 16 வயது ஓட்டுநர் விபத்தில் இறக்கும் வாய்ப்பை, எத்தனை பயணங்களுக்கு எத்தனை மரணம் என்ற கணக்கில், 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் இருந்தால் அது 1.39 ஆகிறது. இருவர் இருந்தால் 1.86. மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2.82. 17 வயதுக்காரர்களுக்கு இன்னும் மோசம்: 1.48, 2.58, 3.07. ஒவ்வொரு தலை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. 30 வயதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் நேர் எதிராக, கூட ஆள் இருந்தால் ஓட்டுநர் நிதானமாகிறார் என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்தது. பக்கத்தில் மனைவி இருந்தால் நாம் எப்படி ஓட்டினோம் என்பதை நினைத்துப் பார்த்தால் ஆய்வே தேவையில்லை.

இதற்குக் காரணம் பேச்சுச் சத்தமும் கவனச் சிதறலும் மட்டும்தானா? பிலடெல்பியா நகரத்தின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இருவர் இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு மதிப்பெண். ஆனால் திடீரென்று ஒரு சுவர் வரலாம், மோதினால் எல்லாம் போச்சு. சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கவும் விளையாட வைத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். பதின்வயதுப் பிள்ளைகளோ நண்பர்கள் பார்க்கும்போது தனியாக இருந்ததைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள்.

இளங்கன்று பயமறியாது என்கிறோம். அந்தச் சோதனையைப் படித்தபின் எனக்குத் தோன்றியது வேறு. தனியாக நிற்கும் கன்றுக்குப் பயம் இருக்கத்தான் செய்கிறது. மந்தையோடு சேரும்போதுதான் அது பயத்தை மறக்கிறது. பிள்ளையின் குணத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தங்கமான பிள்ளைக்கும் இதேதான்.

என் மகளின் குடும்பம் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கே 17 வயதில் தகுதிகாண் உரிமம் கொடுக்கிறார்கள். இரவு 11 மணிக்குமேல் காலை 5 மணிவரை ஓட்டக் கூடாது. பெற்றோர் கூட இல்லையென்றால் ஒரே ஒரு ஆளைத்தான் ஏற்றலாம். 2010 மே மாதத்திலிருந்து வண்டியின் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஒட்டி ஒன்றையும் ஒட்ட வேண்டும். விபத்தில் இறந்துபோன ஒரு சிறுமியின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. பேரன் போனில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்: "தாத்தா, தங்கச்சியை ஏத்தினா ஃபிரெண்டை ஏத்த முடியாது. ஸ்டிக்கரைப் பார்த்து எல்லாரும் சின்னப் பசங்கன்னு சிரிக்கிறாங்க." எத்தனை நாளைக்குடா என்று கேட்டேன். ஒரு வருஷம் என்றான். என் உத்தியோகத்தில் தகுதிகாண் பருவம் இரண்டு வருஷம் என்று சொன்னேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

எதிர்த் தரப்பு வாதங்களையும் சொல்ல வேண்டும். நாலு பேர் ஒரு காரில் போவதைத் தடுத்தால் நாலு காரில் போவார்கள், ஆபத்து நாலு மடங்காகும் என்பது ஒரு வாதம். ஒரே வண்டி உள்ள ஏழைக் குடும்பத்தில் தம்பி தங்கையைப் பள்ளியில் விட அண்ணன்தான் போக வேண்டும், அதை எப்படித் தடுப்பது என்பது இன்னொன்று. இரண்டாவது வாதம் நியாயமானது. அதனால்தான் பல மாநிலங்கள் குடும்பத்தாருக்கு விலக்கு வைத்தன. முதல் வாதத்துக்குப் பதிலாக ஒரு பெரிய ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டு 2011-இல் வெளியான அந்த ஆய்வில், இரவுத் தடையும் பயணித் தடையும் சேர்ந்து இருந்த இடங்களில் 16 வயதுக்காரர்கள் சிக்கிய உயிர்ச்சேத விபத்துகள் 26 சதவீதம் குறைவாக இருந்தன. ஆனால் அதே ஆய்வில் 18 வயதுக்காரர்களின் விபத்துகள் 12 சதவீதம் கூடுதலாக இருந்தன. சில பிள்ளைகள் தடைக்காலம் முடியும்வரை காத்திருந்து, 18 வயதில் படிகளே இல்லாமல் நேராக முழு உரிமம் வாங்கியது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். வயதுக்குத்தான் தடை, அனுபவத்துக்கு இல்லை என்று வைத்தால் ஓட்டை அங்கே விழுகிறது. புதிதாக ஓட்டுகிற எவருக்கும், வயது எதுவானாலும், படிகள் இருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

பிரான்சு இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. நண்பனை ஏற்றாதே என்று அது சொல்லவில்லை. பெரியவரை ஏற்றிக்கொள் என்றது. 'கொந்துயித் அக்கொம்பாஞ்ஞே', அதாவது துணையோடு ஓட்டுதல், 1980-களில் அங்கே வந்த முறை. இப்போது 15 வயதில் பள்ளியில் பயிற்சி முடித்த பிள்ளை, குறைந்தது ஐந்து வருடமாக உரிமம் வைத்திருக்கும் பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்குக் குறையாமல் 3,000 கிலோமீட்டர் ஓட்டிப் பழக வேண்டும். அதன்பிறகு உரிமம் கிடைத்தாலும் பாதி மதிப்பெண்தான்: பன்னிரண்டு புள்ளிக்கு ஆறு புள்ளி. மீதி, தவறு செய்யாமல் ஓட்டினால் இரண்டு ஆண்டில் சேரும். 3,000 கிலோமீட்டர் என்பது புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் பத்துத் தடவை போய்வரும் தூரம். அத்தனை மழை, இருட்டு, நெரிசல் எல்லாவற்றையும் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருக்கப் பார்த்துவிடுகிறான். நியூசிலாந்து பக்கத்து இருக்கையைக் காலி செய்தது, பிரான்சு அதில் பெரியவரை உட்கார வைத்தது. ஆபத்து அந்த இருக்கையில்தான் இருக்கிறது என்பதை இரண்டுமே கண்டுகொண்டன.

நம் நாட்டுக்கு வருவோம். பயணி விதி நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். எங்கள் இளமையில் சைக்கிளில் 'டபுள்ஸ்' போனால் போலீஸ்காரர் நிறுத்துவார், டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். விளக்கில்லாமல் போனாலும் அதே கதி. நம் வயதுக்காரர்களில் தள்ளிக்கொண்டே வீடு போகாதவர் யார்? இன்றைய சட்டத்திலும் எல்.எல்.ஆர். வைத்திருப்பவனுக்கு விதி உண்டு. சிவப்பு எழுத்தில் 'எல்' போட வேண்டும். காரில் உரிமம் உள்ள பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஆனால் எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் ஆனால் தேர்வுக்குப் போகலாம். தேறிவிட்டால் அன்று மாலையே வண்டி நிறைய நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆர். வழியாக நடு இரவில் போகலாம். நடுப்படி என்று ஒன்றே இல்லை. 2019-இல் வந்த திருத்தம், மைனர் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்றது. நல்ல விதிதான். ஆனால் அது 18-க்கு முந்தைய நாள்வரை காவல் காக்கிறது. 18 முடிந்த மறுநாளைப் பற்றிப் பேசவில்லை.

சட்டம் வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? வட கரோலினாக் கோப்பே இருபது வருஷம் தூங்கியிருக்கிறது. வீட்டில் ஓர் அரசாணை போட யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. முதல் ஆறு மாதத்துக்கு நண்பர்கள் கூட்டம் வேண்டாம், இரவு பத்துக்குமேல் சாவி கிடையாது, மாதத்தில் நாலு தடவையாவது அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து போவது. இவ்வளவுதான். இன்னொரு பாதியும் இதில் இருக்கிறது. அமெரிக்காவில் காரில் பயணியாகப் போய் இறக்கும் பதின்வயதுப் பிள்ளைகளில் பாதிக்குமேல், இன்னொரு பதின்வயதுப் பிள்ளை ஓட்டிய வண்டியில் இறந்தவர்கள். ஆகவே வண்டியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்த விதி பொருந்தும். புதிதாக உரிமம் வாங்கியவன் 'வாடா ஏறு' என்று கூப்பிட்டால், எங்கள் வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்ல அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். நாம் அந்தச் சாக்காக இருந்துவிட்டுப் போகலாம். கிழவருக்குப் பயம் என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

சாவியைக் கேட்டு வரும் பிள்ளையிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பது நம் வழக்கம். கூட யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.